அலுமினியம், செம்பு, பித்தளை: பிளாஸ்மாவில் வெட்ட எந்த வாயு?

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். முட்டத்தில் விசைப்படகு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அலுமினியத்தில் டீசல் டேங்க் செய்கிறார், 5 மி.மீ தகடு. நாகர்கோவில் கோணம் பக்கம் சி.என்.சி (கணினி ஓட்டும்) பிளாஸ்மா மேசை வைத்திருக்கும் இன்னொருவருக்கு 25 மி.மீ அலுமினியத்தில் ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் வளையத் தகடு) வெட்டும் ஆர்டர் வந்திருக்கிறது. மூன்றாமவர் மார்த்தாண்டத்தில் கேட், கைப்பிடி வேலை செய்பவர். அவரிடம் எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), பித்தளை, அலுமினியம் எல்லாம் கலந்து வரும். "அண்ணே, காத்தே போதுமா, நைட்ரஜன் வாங்கணுமா, இல்ல அந்த ஆர்கான் ஹைட்ரஜன் கலவைதான் வேணுமா?" மூவரும் கேட்டது இதுதான். பிளாஸ்மா டார்ச் என்பது மின்பொறியில் (ஆர்க்கில்) வாயுவைக் கடும் சூடாக்கிப் பாய்ச்சி உலோகத்தை உருக்கி வெட்டுவது; அந்த வாயு எது என்பதுதான் கேள்வி.

மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். எந்த வாயு உயர்ந்தது என்று பொதுவாக ஒரு பதில் இந்த வேலையில் கிடையாது. வெட்டிய பிறகு அந்த விளிம்பு எங்கே போகப் போகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. இதே இடத்தில் மாட்டி நிற்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நான் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்பது: வெட்டிய விளிம்பை வெல்டிங் செய்யப் போகிறீர்களா? அந்த வெல்டிங்குக்குள் எண்ணெயோ தண்ணீரோ காற்றழுத்தமோ நிற்குமா? ஆம் என்றால் விளிம்பின் சுத்தம்தான் முதல் கணக்கு. போல்ட் போட்டு மாட்டும் பிராக்கெட் என்றாலோ, பழைய சாமானைத் துண்டாக்கி எடைக்குப் போடுவது என்றாலோ, விளிம்பு கருத்திருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது கனம். 6 மி.மீ வரை ஒரு உலகம். அரை அங்குலத்துக்கு, அதாவது சுமார் 12 மி.மீக்கு மேல் வேறொரு உலகம்.

மூன்றாவது, உங்கள் மெஷினும் டார்ச்சும் எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்டவை என்பது. இதைக் கையேட்டில் பார்க்காமல் சிலிண்டர் வாங்கியவர்கள் உண்டு. வாயுவை மாற்றுவது கைபேசியில் சிம் மாற்றுவது மாதிரி இல்லை. டார்ச்சுக்குள் ஆர்க் கிளம்பும் முனையான எலக்ட்ரோடின் உலோகமே சில நேரம் மாற வேண்டியிருக்கும்.

நான்காவது செலவு. இதில் சிலிண்டர் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. டார்ச் எரியும் ஒரு நிமிடத்துக்கு என்ன ஆகிறது, அப்புறம் கிரைண்டர் பிடிக்கும் ஆளுக்கு எவ்வளவு கூலி, நாசில் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாறுகிறது என்று மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மைக் கணக்கு வரும். சரக்கு நம் ஊரில் நினைத்தபோது கிடைக்குமா என்பதும் இதோடு சேர்ந்தது. சனிக்கிழமை மாலை காலியான சிலிண்டர் திங்கள்கிழமை வரை காலியாகத்தான் இருக்கும்.

காற்றோட்டத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் ஒரு அளவுகோலாக வைத்து மதிப்பிடக் கூடாது. அது சரியில்லை என்றால் மற்ற கணக்குகளுக்கே இடமில்லை. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இரும்புக்குச் சொல்லும் கணக்கு இங்கே ஒத்துவராது

இரும்பை கேஸ் கட்டரில் வெட்டும்போது ஆக்சிஜன் இரும்பை எரிக்கிறது. அந்த எரிப்பே வெப்பம் தருகிறது. அலுமினியத்தில் இது நடக்காது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அதன் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோல் 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். உள்ளே உருகி ஓட, மேலே தோல் அப்படியே நிற்கும். அதனால்தான் அலுமினியத்தில் கேஸ் கட்டர் தோற்றுப்போகிறது.

இன்னொரு தொல்லை, வெப்பம் ஓடிவிடுவது. சாதாரண எம்.எஸ் (மைல்ட் ஸ்டீல்) இரும்பைவிட அலுமினியம் நாலு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், செம்பு ஏழெட்டு மடங்கு கடத்தும். நீங்கள் ஒரு புள்ளியில் கொடுக்கும் சூடு தகடு முழுவதும் பரவிப் போய்விடுகிறது. உலோகம் தானாக எரிந்து உதவாத இடத்தில் வாயுவே முழு வெப்பத்தையும் சுமந்து வர வேண்டும்.

ஒவ்வொரு வாயுவும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. ஆர்கான் எளிதாக அயனியாகும், ஆர்க் நிலையாக நிற்கும். கனமான வாயு என்பதால் உருகிய உலோகத்தைத் தள்ளியும் விடும். ஆனால் வெப்பத்தைத் தகட்டுக்குக் கொடுப்பதில் அது சோம்பேறி. ஹைட்ரஜன் நேர் எதிர். அதன் மூலக்கூறு ஆர்க்கில் இரண்டாகப் பிரியும், தகட்டின் மேல் வந்து மறுபடி சேரும், சேரும்போது வாங்கிய சூட்டை எல்லாம் அங்கே இறக்கிவிடும். நைட்ரஜன் இரண்டுக்கும் நடுவில். இந்த மூன்று குணத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எல்லாம் எளிதாகப் புரியும்.

அழுத்தக் காற்று

நம் மாவட்டத்தில் இருக்கும் சிறு பட்டறைகளில் பெரும்பாலும் இதுதான். கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கிறது, சிலிண்டர் தூக்க வேண்டாம், காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், 21 சதவீதம் ஆக்சிஜன். 6 மி.மீ வரையிலான அலுமினியத்தை நல்ல வேகத்தில் வெட்டும், 10 மி.மீயும் வெட்டும். விளிம்பு கரகரப்பாக, மங்கிய சாம்பல் நிறத்தில் ஆக்சைடு பூத்து நிற்கும். அடியில் பிசிறு தொங்கும், ஆனால் அலுமினியப் பிசிறு பெரும்பாலும் உளியால் தட்டினால் வந்துவிடும்.

"இலவசம்" என்கிற இந்தக் காற்றில்தான் மறைந்த செலவு மிக அதிகம், முக்கியமாக நம் ஊரில். ஆனி ஆடிச் சாரலும் நமக்கு உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. மூன்று பக்கம் கடல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 65 ஆம்பியர் வகை டார்ச் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 லிட்டர் காற்று குடிக்கும். தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் 11 கன மீட்டருக்கு மேல். அதாவது கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கம்ப்ரசருக்குள் போகிறது. அழுத்தத்தில் அதில் பெரும்பகுதி ஆவியாக நிற்க முடியாமல் தண்ணீராக இறங்கும். எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி. டேங்கில் இறங்கினால் வால்வைத் திறந்து விட்டுவிடலாம். டார்ச்சில் இறங்கினால் நாசில் போச்சு.

பலர் ஃபில்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டுகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைக் கடந்து போய், நீண்ட ஹோஸில் குளிர்ந்து, அங்கே தண்ணீராகிறது. ஃபில்டர் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபில்டர் பிடிப்பது துளித் தண்ணீரை மட்டும்தான். ஆவியைப் பிடிக்க டிரையர் வேண்டும். குளிரூட்டும் வகை டிரையர் காற்றின் பனிநிலையை (ஆவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையை) சுமார் 3 டிகிரிக்கு இறக்கிவிடும். நம் பட்டறைகளுக்கு அது தாராளம்.

இதை நான் என் சொந்தச் செலவில் கற்றேன். ஒரு ஐப்பசி மாதம், படகுக்கு அலுமினிய டேங்க் ஒன்று. தகட்டைக் காற்றில் வெட்டினோம், கிரைண்டரில் லேசாகத் தேய்த்தோம், ஆர்கான் வெல்டிங் போட்டோம். மேலே பார்க்க அழகாக இருந்தது. காற்று நிரப்பி சோப்புத் தண்ணீர் தடவினால் வெல்டிங் ஓரம் முழுக்க நுரை. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நன்றாகக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் வைத்துக்கொள்ள முடியும், மீதி குமிழாக மாட்டிக்கொள்ளும். அந்த ஹைட்ரஜன் வந்தது, ஈரக் காற்றில் வெட்டிய விளிம்பின் ஆக்சைடிலும் அதில் ஒட்டியிருந்த ஈரத்திலும் இருந்துதான். நாலு இணைப்பையும் அரைத்து எடுத்துத் திரும்பப் போட்டோம். அந்த வேலையில் எங்களுக்கு ஒரு ரூபாய் மிஞ்சவில்லை. டிரையர் அடுத்த மாதமே வந்தது.

கம்ப்ரசர் அளவும் கவனிக்க வேண்டிய ஒன்று. பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கொள்ளளவு பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் அளவு. வெளியே வரும் உண்மையான காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. 190 லிட்டர் கேட்கும் டார்ச்சுக்கு 3 எச்.பிக்குக் கீழே போகாதீர்கள், 5 எச்.பி இருந்தால் நிம்மதி. அழுத்தம் இறங்கினால் ஆர்க் சிதறும், எலக்ட்ரோடு குழியாகும்.

காற்றுக்கான எலக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் பதித்திருப்பார்கள். அது ஆக்சிஜனை நன்றாகத் தாங்கி நிற்கும். மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்கானும் ஒன்று. சிர்கான் எங்கே இருந்தாலும் ஹாஃப்னியம் அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நம் கடற்கரை மணலுக்கும் நம் கையில் இருக்கும் டார்ச்சுக்கும் இப்படி ஒரு சொந்தம் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

நைட்ரஜன்

காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துவிட்டால் வருவதுதான் இது. விளிம்பில் ஆக்சைடு குறைவு, ஈரம் கிடையாது, எண்ணெய் கிடையாது. சிலிண்டரில் வரும் வாயு எந்த மழைக்காலத்திலும் உலர்ந்தே இருக்கும். எலக்ட்ரோடு கூடுதல் நாள் உழைக்கும். வெல்டிங்குக்கு முன் எஸ்.எஸ் கம்பி பிரஷ்ஷும் கொஞ்சம் அரமும் போதும் என்கிற நிலைக்கு விளிம்பு வந்துவிடும். கையில் பிடித்து வெட்டும் மெஷின்களிலும் பல, காற்றோடு நைட்ரஜனையும் ஏற்கும். ஏற்குமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு, அதில் சொன்ன அழுத்தத்தை ரெகுலேட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, செலவு. சாதாரணப் பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 190 லிட்டர் என்றால் அது 37 நிமிடம்கூட வராது. அடியில் மிச்சம் வைக்க வேண்டியதைக் கழித்தால் 35 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கும் தொகையோடு வண்டி வாடகையையும் சேர்த்து 35-ஆல் வகுத்துப் பாருங்கள். வருவதுதான் உங்கள் ஒரு நிமிடச் செலவு. நிமிடத்துக்கு 2 மீட்டர் வெட்டினால் ஒரு சிலிண்டரில் 70 மீட்டர். நேர்க்கோடாக வெட்டினால் இந்தக் கணக்கு நிற்கும். சின்னச் சின்ன ஓட்டைகளாக வெட்டினால் நிற்காது, ஏனென்றால் ஒவ்வொரு முறை ஆர்க் அணைந்த பிறகும் டார்ச்சைக் குளிர்விக்க வாயு சில நொடி ஓடிக்கொண்டே இருக்கும். ஐம்பது ஓட்டை போடும் நாளில் சிலிண்டரில் ஒரு நல்ல பங்கு இப்படியே போய்விடும். சிறிய 40 ஆம்பியர் மெஷின் இவ்வளவு குடிக்காது.

அலுமினியமும் எஸ்.எஸ்ஸும் தினமும் வெட்டும் பெரிய பட்டறை என்றால் திரவ நைட்ரஜன் யோசிக்கலாம். ஒரு லிட்டர் திரவம் 690 லிட்டருக்கு மேல் வாயுவாகும். ஆனால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது தினமும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் அலுமினிய வேலை வருகிறவர் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

நான் கடைப்பிடிப்பது கலப்பு வழி. ஒரே டேங்க் வேலையில் பிராக்கெட், கால், தாங்கு எல்லாம் காற்றில் வெட்டுவோம். எண்ணெய் நிற்கும் மூட்டு வரும் தகடு மட்டும் நைட்ரஜனில். ஒரு சிலிண்டர் பல டேங்குக்கு வரும்.

நைட்ரஜனோடு தண்ணீர்

இது சி.என்.சி மேசைக்காரர்களுக்கு மட்டும். நடுவில் நைட்ரஜன் ஆர்க், அதைச் சுற்றிக் கவசமாகத் தண்ணீர். ஆர்க்கின் சூட்டில் தண்ணீரில் ஒரு பகுதி பிரிந்து, வரும் ஹைட்ரஜன் வெட்டுவாயை ஆக்சிஜனிடமிருந்து காக்கிறது. அலுமினியத்தில் விளிம்பு பளிச்சென்று வரும். தண்ணீருக்குச் செலவே இல்லை என்பதால், அதற்கான டார்ச் இருக்கிறவர்களுக்கு நடுத்தரக் கனத்தில் இதைவிட லாபமான வழி இல்லை என்பது என் கருத்து.

நம் ஊரில் ஒரு சிக்கல். கடலோரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். உப்பு கவச நாசிலின் துளைகளில் படியும், வெட்டிய அலுமினியத்தின் மேல் காய்ந்து அரிக்கவும் செய்யும். நல்ல தண்ணீருக்கு வழி செய்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

ஆர்கான் ஹைட்ரஜன் கலவை

65 பங்கு ஆர்கான், 35 பங்கு ஹைட்ரஜன். எச்35 என்று கேட்பார்கள். தடித்த அலுமினியத்துக்கும் தடித்த எஸ்.எஸ்ஸுக்கும் இதுதான் ராஜா. ஆர்கான் ஆர்க்கை நிறுத்திப் பிடிக்க, ஹைட்ரஜன் சூட்டைக் கொண்டுபோய் இறக்க, 12 மி.மீயில் தொடங்கி அதற்கு மேல் போகப் போக மற்ற வாயுக்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். விளிம்பு வழவழப்பாக, நேராக இருக்கும். மெல்லிய தகட்டில் இதைப் போட்டால் பலன் இல்லை, சூடு அதிகமாகி விளிம்பு கெடும்.

செலவைப் பார்ப்போம். ஆர்கானே நைட்ரஜனைவிட விலை கூடிய சரக்கு. அதில் ஹைட்ரஜன் கலந்து சான்றோடு வாங்கும்போது இன்னும் கூடும். பெரும்பாலும் ஆர்க்கைச் சுற்றி ஓடும் கவச வாயுவாக நைட்ரஜனும் ஓடும், ஆக ஒரே நேரத்தில் இரண்டு சிலிண்டர் காலியாகும். நம் பக்கத்தில் இது கடையில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கல்ல. முன்கூட்டிச் சொல்லி, வருவதற்குக் காத்திருக்க வேண்டும். ஆர்டரின் தேதியைக் கொடுப்பதற்கு முன் சிலிண்டரின் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

டார்ச் விஷயத்தில் விளையாடக் கூடாது. இந்தக் கலவைக்கு டங்ஸ்டன் எலக்ட்ரோடு. டங்ஸ்டன் 3,400 டிகிரி வரை தாங்கும், ஆனால் சூட்டில் ஆக்சிஜன் பட்டால் நொடியில் தின்றுபோகும். அதனால் ஒரே எலக்ட்ரோடை வைத்துக் காலையில் காற்று, மாலையில் ஆர்கான் ஹைட்ரஜன் என்று ஓட்ட முடியாது. காற்றுக்காக மட்டும் செய்த கை டார்ச்சில் ஹைட்ரஜன் கலவையை இணைப்பது தீ விபத்துக்கு வழி. அப்படி இணைக்கவே இணைக்காதீர்கள்.

"நம்ம கிட்ட வெல்டிங் ஆர்கான் இருக்கே, ஒரு ஹைட்ரஜன் சிலிண்டர் மட்டும் வாங்கி டீ (T வடிவ இணைப்பு) போட்டு கலந்துக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். கலவையின் அளவு கொஞ்சம் மாறினாலும் ஆர்க்கின் குணம் மாறும். திரும்பி அடிக்கும் வாயுவைத் தடுக்கும் வால்வு இல்லாத டீயில் ஒரு சிலிண்டரின் வாயு மற்றொன்றுக்குள் போகும். ஹைட்ரஜன் சிலிண்டர் சிவப்பு நிறத்தில் வரும், அதன் மரை இடது பக்கம் திரும்பும். மற்ற ரெகுலேட்டர் தவறிக்கூட மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை அடாப்டர் போட்டு மீறுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

மற்றவை, சுருக்கமாக

95 பங்கு நைட்ரஜனும் 5 பங்கு ஹைட்ரஜனும் கலந்த எஃப்5 என்று ஒன்று உண்டு. அது எஸ்.எஸ்ஸுக்கு, அதிலும் 10, 12 மி.மீ வரை. வெள்ளி போல விளிம்பு வரும். எஸ்.எஸ் இரும்பு வகைதான் என்றாலும், அலுமினியம் வெட்டும் பட்டறைகளிலேயே அதுவும் வெட்டப்படுவதால் இங்கே சொல்கிறேன். அலுமினியத்துக்காக இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தூய ஆக்சிஜன் எம்.எஸ் இரும்புக்கு. அலுமினியத்தில் விளிம்பு கரடுமுரடாகத்தான் வரும். காற்று மெஷினில் ஆக்சிஜன் இணைப்பது ஆபத்தும்கூட. தனி ஆர்கான் குறியிடவும் பள்ளம் எடுக்கவும் பயன்படும், வெட்டுவதற்கு வெப்பம் போதாது.

ஒரே பார்வையில்

| | அழுத்தக் காற்று | நைட்ரஜன் | நைட்ரஜன் + தண்ணீர் | ஆர்கான் ஹைட்ரஜன் |
|---|---|---|---|---|
| ஏற்ற அலுமினியக் கனம் | 6 மி.மீ வரை நன்று, 10 வரை ஓடும் | 12 மி.மீ வரை | 6 மி.மீயும் அதற்கு மேலும் | 12 மி.மீயும் அதற்கு மேலும் |
| விளிம்பு | கரகரப்பு, ஆக்சைடு | காற்றைவிடச் சுத்தம் | பளிச் | வழவழப்பு, நேர் |
| வெல்டிங்குக்கு முன் | நன்றாக அரைக்க வேண்டும் | பிரஷ், அரம் | லேசான சுத்தம், ஈரம் போகக் காயவைத்தல் | லேசான சுத்தம் |
| கை டார்ச் | ஆகும் | கையேடு அனுமதித்தால் | ஆகாது | பொதுவாக ஆகாது |
| எலக்ட்ரோடு | ஹாஃப்னியம் | மெஷினைப் பொறுத்து | டங்ஸ்டன் | டங்ஸ்டன் |
| மறைந்த செலவு | டிரையர், நாசில், அரைக்கும் கூலி | 35 நிமிட சிலிண்டர், வண்டி | நல்ல தண்ணீர், தனி டார்ச் | காத்திருப்பு, இரட்டைச் சிலிண்டர், தனி டார்ச் |

அட்டவணைக்கு அடங்காத ஒன்று: 6061 போல வெப்பப் பதம் செய்த அலுமினியம் என்றால், எந்த வாயுவில் வெட்டினாலும் விளிம்பில் நுண்ணிய விரிசல் வர வாய்ப்புண்டு. பளு தாங்கும் வெல்டிங்குக்கு 3 மி.மீ வரை அரைத்தோ மில்லிங் செய்தோ எடுத்துவிடுவது வழக்கம். படகு வேலைக்கு வரும் 5083, 5052 வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. தகடு வாங்கும்போதே என்ன கிரேடு என்று கேட்டு வாங்குங்கள்.

செம்பும் பித்தளையும்

செம்பு சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரே கனத்தில் அலுமினியம் ஓடும் வேகத்தில் பாதிகூட எதிர்பார்க்காதீர்கள். மெல்லிய செம்பைக் காற்றிலேயே வெட்டலாம். தடித்தது என்றால் ஆர்கான் ஹைட்ரஜன்தான் சரியான விளிம்பு தரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் பட்டறைகளுக்குச் செம்பு எப்படி வருகிறது? மின்பலகைக்காரர்களின் பஸ்பார் (மின்சாரம் கடத்தும் செம்புப் பட்டை), கோவில் கொடிமரத்துக்குப் பொதியும் மெல்லிய தகடு. பஸ்பாரை ரம்பத்தில் அறுத்தால் விளிம்பும் நேராக வரும், சேதாரமும் சேகரிக்கலாம். கொடிமரத் தகட்டைத் தகட்டுக் கத்திரியால் வெட்டுகிற கைகளின் நேர்த்தியைப் பிளாஸ்மாவால் தர முடியாது. செம்புக்காக மட்டும் வாயு வாங்கும் நிலை இங்கே பலருக்கு வராது.

பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது. அது ஆர்க்கின் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று இரவு குளிர் காய்ச்சல் வரும், வாயில் உலோகச் சுவை நிற்கும். காற்றோ நைட்ரஜனோ, வாயுவை மாற்றுவதால் இந்தப் புகை குறையாது. புகையை இழுக்கும் ஃபேனும் முகக்கவசமும்தான் வழி. பித்தளைக்குக் காற்றே போதும், அலங்கார வேலை என்றால் எப்படியும் பாலிஷ் போகப் போகிறது.

உயிர் சம்பந்தப்பட்ட இடங்கள்

தண்ணீர்த் தொட்டி மேசையில் அலுமினியம் வெட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உருகிய அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். தொட்டியின் அடியில் சேர்ந்திருக்கும் அலுமினியத் தூள் இரவெல்லாம் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். மேலே தகட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அந்த வாயு தகட்டுக்கு அடியில் தேங்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பிடிக்கும். மறுநாள் காலை முதல் துளை போடும்போது வெடிக்கும். இரவில் தகட்டை மேசையில் விடக் கூடாது. தொட்டியை அடிக்கடி வழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அடியில் காற்றுக் குழாய் விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் வாயு தேங்காது. நீங்கள் எந்த வாயுவைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஆபத்து மாறாது.

நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு சிலிண்டரைக் காலி செய்தால், அறையின் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 பக்கம் இறங்கிவிடும். 19.5-க்குக் கீழே போனாலே பாதுகாப்பில்லை என்பது பொது விதி. மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராமல் ஆள் மயங்கி விழலாம். மழைக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு வேலை செய்கிற வழக்கம் நம்மிடம் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். படகின் மீன் அறைக்குள் இறங்கி நைட்ரஜனில் வெட்டுவதை நான் எந்தக் கூலிக்கும் செய்ய மாட்டேன், என் ஆட்களையும் விட மாட்டேன். பழைய டீசல் டேங்கை நன்றாகக் கழுவி ஆவி நீக்காமல் டார்ச் வைப்பதும் அப்படித்தான்.

அலுமினியம் ஆர்க்கின் வெளிச்சத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். இரும்பு வெட்டும்போது படாத கழுத்து, கை எல்லாம் இதில் கருகும், ஓசோனும் கூடும். தகட்டைத் துடைக்க குளோரின் கலந்த கரைப்பான் பயன்படுத்துகிறவர்கள், அது பக்கத்தில் இருக்கும்போது ஆர்க் அடிக்கவே கூடாது. நச்சு வாயுவாக மாறும்.

என்னிடம் கேட்டால்

மார்த்தாண்டத்துக்காரருக்குக் காற்று. அவர் வேலையில் விளிம்பு எப்படியும் கிரைண்டருக்கும் பாலிஷுக்கும் போகிறது. சிலிண்டருக்கு ஒதுக்கிய பணத்தில் டிரையர் வாங்கச் சொன்னேன். அது இரும்பு வேலைக்கும் பயன்படும், நாசில் செலவையும் குறைக்கும், ஸ்பிரே பெயின்ட் அடிக்கும்போதும் கை கொடுக்கும்.

முட்டத்துத் தம்பிக்கு உலர்ந்த காற்றும், எண்ணெய் நிற்கும் மூட்டுகளுக்கு மட்டும் ஒரு நைட்ரஜன் சிலிண்டரும். நேர்க்கோட்டு வெட்டு எல்லாவற்றுக்கும் கார்பைடு பல் வைத்த ரம்பத்தைப் பயன்படுத்தினால் நைட்ரஜன்கூட மிச்சமாகும் என்றும் சொன்னேன். டேங்கின் ஆறு பக்கத்தில் வளைவு வருவது இரண்டில்தான். கடல் காற்றில் ரெகுலேட்டர் சீக்கிரம் பச்சை பூக்கும், வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்து உள்ளே வைக்க வேண்டும். அவருக்கு இன்னொரு பழக்கமும் சொல்லிக்கொடுத்தேன். காலையில் ஆர்க் அடிக்காமல் வாயுவை மட்டும் ஓடவிட்டு, டார்ச் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பத்து நொடி பிடிக்க வேண்டும். தாளில் ஈரமோ எண்ணெய்ப் பொட்டோ தெரிந்தால் அன்றைக்கு வெட்டுவதற்கு முன் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.

கோணத்துக்காரரின் கணக்குதான் கடினம். 25 மி.மீ ஃபிளாஞ்சுக்கு ஆர்கான் ஹைட்ரஜன் என்பதில் சந்தேகமே இல்லை. அவருடைய டார்ச் அதை ஏற்குமா என்று கையேட்டைத் திறந்து பார்த்தோம். காற்று, ஆக்சிஜன், நைட்ரஜன் மூன்றுதான் இருந்தது. ஒரு ஆர்டருக்காகப் புது டார்ச்சும், கேஸ் பேனலும், வராத சிலிண்டருக்குக் காத்திருப்பும் வேண்டாம். தண்ணீர் ஜெட்டில் வெட்டித் தருகிறவர்களிடம் விலை கேளுங்கள், அந்த விலையோடு உங்கள் லாபத்தைச் சேர்த்து ஆர்டர் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொண்டால் எடுங்கள் என்றேன். இதே வேலை மாதாமாதம் வரும் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் டார்ச் வாங்குவதைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.